மண்தூண் மேல் ரொட்டிக்கடை

ரொட்டிக்கடையின் தரையிலிருந்து ஒரு புகைபோக்கி முளைத்தது. மாவு பிசையும் மேசைக்கும் பெரிய செங்கல் அடுப்புக்கும் நடுவில், முதலில் ஒரு விளிம்பாகத் தலைகாட்டி, மறுநாள் முழங்கால் உயரம் வந்து, வாரக் கடைசியில் இடுப்பளவில் நின்றுகொண்டது. அதிலிருந்து புகையும் வந்தது. விறகுப் புகை, கூடவே ரொட்டி வேகும் வாசனை. கடைக்காரி குனிந்து முகர்ந்து பார்த்தாள். கீழே யாரோ அடுப்பைக் கொஞ்சம் அதிகமாக எரிக்கிறார்கள், ரொட்டியின் அடி கருகப்போகிறது என்று சொல்லிவிட்டு, புகை வெளியே போகக் கூரையில் ஒரு துளை போடும்படி கணவரிடம் சொன்னாள். அந்தக் கடையில் அவர் வேலை மாவு பிசைவது, விறகு பிளப்பது, மனைவி சொல்வதற்குத் தலையாட்டுவது. மூன்றிலும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. துளை போட்டார். புகைபோக்கியின் செங்கற்கள் எப்போதும் இளஞ்சூடாக இருந்ததால் மாவுத் தட்டுகளை அதையொட்டி அடுக்கி வைத்தார்கள். குளிர்ந்த நாட்களிலும் மாவு சீக்கிரம் உப்பியது. கொஞ்ச நாளில், அது இல்லாமல் முன்பு எப்படிக் கடை நடத்தினோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோனது.

தெருவில் மற்ற வீடுகளும் சும்மா இருக்கவில்லை. சலூன்காரர் கடையில், சுழல் நாற்காலிக்கு எதிரே, ஒரு கல் வாசற்படி எழுந்தது. முடிவெட்ட வந்தவர்கள் அதில் கால் வைத்து உட்கார வசதியாக இருப்பதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக் குளியலறையில் ஒரு கிணற்றின் வாய் வந்தது, தண்ணீரோடு. பொக்லைன் ஓட்டுநரின் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு சுவர் மேலே வந்து கட்டிலையும் தூக்கிக்கொண்டது. அந்தச் சுவரில் காயப்போட்டிருந்த துணி இன்னும் ஈரமாக இருந்தது. அவர் மனைவி அதை எடுத்து வெயிலில் உலர்த்தி, மடித்து, உரியவர்கள் வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று அலமாரியில் வைத்தாள். வந்தவை எல்லாமே புழக்கத்தில் இருந்தபடியே வந்தன. உடைந்த பானை, எலும்பு, துருப்பிடித்த வாள் என்று மற்ற ஊர்களில் கிடைப்பது போல எங்கள் ஊரில் எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் காலடியில் இருந்தவர்கள் அடுப்பை ஏற்றிவிட்டு, துணியைக் காயப்போட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தார்கள். எங்கே, ஏன் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. வெள்ளம் என்றார்கள் சிலர். வறட்சி என்றார்கள் சிலர். சலூனில் போர்க் கட்சி பலமாக இருந்தது, ஏனென்றால் சலூன்காரர் போர்க் கட்சி. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்? வெள்ளக் கட்சியில் இருந்த ஒருவருக்கு ஒரு பக்க மீசை போனதும் அந்த விவாதத்தில்தான்.

சேதி தலைநகரத்துக்குப் போய், தொல்லியல் துறை வந்தது. அகழாய்வுக்குத் தலைமை தாங்கி வந்த அதிகாரி ரொட்டிக்கடைக்காரியின் சொந்தத் தங்கை. அதில் மாயம் எதுவும் இல்லை. அவள் கேட்டு வாங்கி வந்த வேலை. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவர்களுடைய அப்பா ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார், திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, கடுதாசி இல்லை. தங்கை வாசலில் நின்றுகொண்டு ஏன் போனார், ஏன் போனார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவுக்குப் பதினெட்டு வயது. அவள், மாவு உப்பிக் கிடக்கிறது, உள்ளே வா என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கும் கடை திறந்தது. அந்த ரொட்டியில்தான் தங்கை படித்தாள், பட்டம் வாங்கினாள், போனவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். ஏழு நாடுகளில் ஏழு ஊர்களைத் தோண்டினாள். எல்லா இடத்திலும் அவள் கேட்டது அந்த ஒரே கேள்வியைத்தான். அக்காவின் பதில் மட்டும் அவளுக்கு ஒருநாளும் போதவில்லை.

புகைபோக்கியைப் பார்த்ததும் தங்கை அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெதுவெதுப்பாக இருக்கிறது அக்கா, வெதுவெதுப்பாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா அவள் சட்டையில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

துறையின் இயக்குநர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மெல்லிய குரலில் பேசுகிற, யாரையும் வாங்க போங்க என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மனிதர். தெருவைக் கூட்டி வைத்து அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. இவ்வளவு பெரிய நகரத்தைக் கட்டியவர்கள் ஏன் மறைந்தார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் நாம் மறையாமல் இருக்க முடியும், ஆகவே தெரு முழுவதையும் தோண்ட வேண்டும், ஆகவே தெருக்காரர்கள் ஊருக்கு வெளியே கட்டப்பட்டிருக்கும் புதுக் குடியிருப்புக்குப் போக வேண்டும் என்றார். பிறகு, நீங்கள் சாதாரண மக்கள் இல்லை, உலகத்தின் மூத்த குடிகளில் ஒரு குடியின் வாரிசுகள் என்றும் சொன்னார். அவ்வளவுதான். எங்கள் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டை விடு என்று மிரட்டியிருந்தால் அந்தத் தெரு கல்லை எடுத்திருக்கும். பெருமை என்று சொன்னதும் சாவியை எடுத்தது. சலூன்காரர் தன் கடைச் சுவரில் முதல் கடப்பாரையைத் தானே போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டார், படமும் எடுத்துக்கொண்டார். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போன கதை ஊருக்கு ஊர் உண்டு. இருப்பதை இடித்துவிட்டுப் போனதைப் பிடிக்கப் போனது நாங்கள் மட்டும்தான் என்று அன்று நினைத்தோம். அதுவும் தப்பு என்று பிறகு தெரிந்தது.

ரொட்டிக்கடைக்காரி மட்டும் போகவில்லை. அவள் கோஷம் போடவில்லை, வழக்கும் தொடுக்கவில்லை. அடுப்பு எரிகிறது, எரிகிற அடுப்பை விட்டுவிட்டு எழுந்து வர முடியாது என்றாள். சரி, அணைந்த பிறகு வாருங்கள் என்றார் இயக்குநர். அது அணையாது, அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இல்லை என்றாள். உண்மைதான். தினமும் பிசைந்த மாவில் ஒரு பிடி எடுத்து மறுநாளைக்கு வைப்பார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல அந்தப் பழைய மாவுதான் புது மாவைப் பொங்க வைக்கும். உறைமாவு என்பார்கள். ஒரு நாள் பிசையாமல் விட்டால் அது செத்துப்போகும். அது எப்போது தொடங்கியது என்று அக்காவுக்குத் தெரியாது; அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கும் தெரியாது. ரொட்டி சுடுகிற வீடுகளுக்குள் ஒரு முறை உண்டு: ஒருத்தியின் உறைமாவு செத்துவிட்டால் அடுத்தவள் கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவளாக இருந்தாலும் கொடுக்க வேண்டும்.

தங்கை வந்து பேசினாள். முதலில் அதிகாரியாக, பிறகு தங்கையாக. இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. அதனால்தான் அது பெரிய சண்டை என்று கணவர் விறகுக் கட்டைகளுக்கு நடுவில் நின்றபடி புரிந்துகொண்டார்.

"அக்கா, இது நமக்குப் பெருமை. உலகமே வந்து பார்க்கப்போகுது."

"பார்க்கட்டும். ரொட்டியும் வாங்கிட்டுப் போகட்டும்."

"நீ இங்க உக்காந்திருந்தா நான் எப்படித் தோண்டுறது?"

"போனவங்களைத் தேடுறதுக்கு இருக்கிறவளை எழுப்பிவிடுவியாடி? அப்பா போன அன்னிக்கும் உனக்கு வாசல்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. உள்ள நான் நின்னுட்டிருந்தேன்."

தங்கை அன்று ரொட்டி வாங்காமல் போனாள். அவள் பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை.

கடையை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டுவதென்று முடிவாயிற்று. மண் சரிகிற பயத்தில் தானாகவே இறங்கி வந்துவிடுவாள் என்பது இயக்குநரின் கணக்கு. குச்சி நட்டு, கயிறு கட்டி, கட்டம் கட்டமாகத் தோண்டினார்கள். தெரு இறங்கிக்கொண்டே போனது. கடையும் அதன் பின்னாலிருந்த படுக்கையறையும் ஒரு மண்தூணின் மேல் நின்றன. முதலில் படி வைத்து ஏறினார்கள், பிறகு ஏணி, பிறகு அதுவும் எட்டவில்லை. மாவும் விறகும் தண்ணீரும் கயிற்றில் ஏறின. ரொட்டி கூடையில் இறங்கியது. யாருக்கு இறங்கியது என்றால், தோண்டுகிறவர்களுக்குத்தான். காலையில் அவளுடைய ரொட்டியைத் தின்றுவிட்டு மாலை வரை அவள் காலடி மண்ணைத் தோண்டினார்கள். இரண்டு தரப்பும் இதில் தப்பு எதையும் பார்க்கவில்லை. பசி வேறு, வேலை வேறு. கணவர் ஒருநாள் விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கீழே பார்க்காதீங்க, மாவைப் பாருங்க என்றாள் அவள். அதன் பிறகு அவர் மாவைத்தான் பார்த்தார். மழை வந்தது. சுற்றிலும் குழி நிறையச் சேறானது, தூண் கரையவில்லை. துறையின் பொறியாளர்கள் மண்ணை எடுத்துச் சோதித்துவிட்டு, இது சாதாரண மண், கரைந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தெருவின் மறுமுனையில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். சலூனில் முளைத்த வாசற்படியும் வாத்தியார் வீட்டுக் கிணற்று வாயும் கண்ணாடிக்குள் போயின. அவற்றோடு, அந்த வாசற்படிக்கு எதிரே இருந்த சலூன் நாற்காலியும், கிணற்றோரம் கிடந்த வாத்தியாரின் பிளாஸ்டிக் குவளையும் எப்படியோ உள்ளே போய்விட்டன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பலகை வைத்தார்கள்: இந்தத் தெருவில் முடிதிருத்தவும் ரொட்டி சுடவும் அறிந்த ஒரு மக்கள் வாழ்ந்தார்கள், அவர்கள் ஏன் மறைந்தார்கள் என்பது புதிராகவே இருக்கிறது. கணவர் கயிற்றில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்த வாசகத்தை ஒப்பித்தார். ரொட்டிக்கடைக்காரி கேட்டுவிட்டு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அவரிடம் கொடுத்து, அடியில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். மறுநாள் பார்வையாளர்கள் பலகையின் கீழே படித்தது: கடை திறந்திருக்கு, மேலே பாருங்க. துடைத்தார்கள். கணவர் மறுபடி எழுதினார். தினமும் துடைத்தார்கள், தினமும் எழுதினார். சொன்னதைச் செய்கிற மனிதர்களோடு மல்லுக்கட்டுவது மகா கஷ்டம்.

புதுக் குடியிருப்புக்குப் போனவர்கள் மங்கத் தொடங்கியது அந்த வருடம்தான். அடுக்கு அடுக்கான வீடுகள், குழாயைத் திருகினால் தண்ணீர், சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. குறை சொல்ல எதுவும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள், சொல்லும்போதே குரல் தேய்ந்தது. வாத்தியார் வகுப்பில் நின்றால் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கரும்பலகை பிள்ளைகளுக்குத் தெரிந்தது. நல்லதாகப் போயிற்று என்று எழுதிக்கொண்டார்கள். மருத்துவர் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார். அதிகம் அடிபட்டவர் சலூன்காரர். புதிய சலூனில் சுவர் நிறையக் கண்ணாடி, எதிலும் அவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கத்தரிக்கோல் மட்டும் அந்தரத்தில் வருவதைப் பார்த்தார்கள். போர்க் கட்சி, வெள்ளக் கட்சி எதுவும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருநாள் அவர், நான் ஏன் மறைகிறேன் என்று மனைவியைக் கேட்டார். வெள்ளமும் வரவில்லை, போரும் வரவில்லை.

இதற்குள் தங்கை பழைய நகரத்தின் தெருத்தளத்தைத் தொட்டுவிட்டாள். அங்கே அவள் பார்த்ததை முதலில் நம்பவில்லை. அந்தப் பழைய தெருவே ஒரு குழியின் விளிம்பில் நின்றுபோயிருந்தது. பக்கங்கள் செங்குத்தாகச் சீவிய, மூலைகள் சரியாக அமைந்த, சதுரமான ஒரு பெரிய குழி. ஓரங்களில் குச்சிகள் நட்டு, குச்சிக்குக் குச்சி கயிறு கட்டியிருந்தது. கயிறு மக்கவில்லை. தன் ஆட்கள்தான் அவசரப்பட்டுத் தோண்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டாள். அவர்கள் தங்கள் கயிறு நீலம், இது பழுப்பு என்று காட்டினார்கள். பழைய நகரத்துக்காரர்கள் தங்கள் காலடியில் இருந்த அதைவிடப் பழைய நகரத்தைத் தோண்டியிருந்தார்கள். அதன் நடுவில் ஒரு மண்தூணை மட்டும் தோண்டாமல் விட்டிருந்தார்கள். அக்காவின் கடையைத் தாங்கி நின்ற தூணும் அதுவும் ஒரே தூண். மேலே அக்காவின் கடை. கீழே, பழைய தெருவின் உயரத்தில், அதே தூணின் உடம்பில், ஒரு சிறிய வீட்டின் முகப்பும் ஒரு மரக் கதவும்.

குழியின் குறுக்கே பலகை போட்டு நடந்து போய்த் தங்கை அந்தக் கதவைத் தட்டினாள். ஒரு பெண் திறந்தாள். நடுத்தர வயது, முழங்கை வரை மாவு, கண்ணில் புகைபட்ட எரிச்சல். அவளுக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள், தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள், கையிலிருந்த அளவு டேப்பைப் பார்த்தாள். பார்த்ததும் கதவைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். டேப்பை அவள் முன்பு எங்கே பார்த்திருப்பாள் என்று யாராவது கேட்கலாம். டேப்பைப் பார்த்திருக்க மாட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற மாதிரியான ஆளைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கதவுச் சத்தத்தில் தங்கைக்கு அத்தனையும் விளங்கியது. ஏழு நாடுகளிலும் கிடைக்காத பதில் மூக்குக்கு நேரே கிடைத்தது. பலகையின் மேலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல அழுதாள். இந்த முறை சந்தோஷத்தில் அல்ல, வெட்கத்தில்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வெளியூர் அறிஞர்கள் வந்திருந்தார்கள், மங்கிப்போன தெருக்காரர்களும் வந்து நாற்காலிகளை அரைகுறையாக நிறைத்திருந்தார்கள். மறைவுக்கான காரணத்தைத் தங்கை அறிவிப்பாள் என்று இயக்குநர் சொல்லி அமர்ந்தார். அவள் தாள் எதுவும் இல்லாமல் எழுந்து நின்றாள்.

"அவங்க மறையலைங்க. அவங்களுக்கு முன்னால இருந்தவங்களை மதிக்கணும்னு சொல்லி அவங்களைக் காலி பண்ணச் சொன்னாங்க. பெருமையாப் போனாங்க, போன இடத்துல கரைஞ்சாங்க. ஒருத்தி மட்டும் மாட்டேன்னா. அவ இன்னும் இருக்கா."

இதற்கு ஆதாரம் உண்டா என்று ஒரு அறிஞர் கேட்டார். கதவைத் தட்டிப் பாருங்க, டேப்பை வெளிய வெச்சிட்டுப் போங்க என்றாள் அவள். இயக்குநர் மெல்லிய குரலில், மேடம் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறார் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். மறுநாள் அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதற்கு மறுநாள், பார்வையாளர்களின் பாதுகாப்பை உத்தேசித்து மண்தூணை அகற்றுவது என்று உத்தரவானது. அகற்றினால் மேலே இருப்பவளும் கீழே இருப்பவளும் சேர்ந்தே போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உத்தரவில் தூண் என்றுதான் இருந்தது.

பட்டப்பகலில் பொக்லைன் வந்தது. ஓட்டியது அதே தெருக்காரர், கட்டிலுக்குக் கீழே சுவர் முளைத்தவர். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் இடி தூணில் விழுந்தது. மேலே தட்டுகள் உருண்டன, ஒரு கூடை மண் உதிர்ந்தது. இரண்டாவது இடிக்கு நெம்புகோலை இழுத்தபோது அது அசையவில்லை. இழுத்தார், அவர் விரல்கள் அதன் வழியாகப் போய் மறுபக்கம் வந்தன. கையைத் தூக்கி வெயிலில் பார்த்தார். கை இருந்தது, ஆனால் கைக்கு அப்பால் இருந்த இயக்குநரும் தெரிந்தார். வேறு ஓட்டுநரைக் கூப்பிட்டார்கள். அவரும் புதுக் குடியிருப்புதான். ஊரில் பொக்லைன் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் புதுக் குடியிருப்புதான்.

ரொட்டிக்கடைக்காரி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அவள் உள்ளே போய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து இறக்கினாள். கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக, தலையாட்டாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, சாப்பிட்டா அவனுக்குக் கை வந்துடுமே. வந்தா நம்மளை இடிச்சிடுவானே?"

"இடிக்கிறதா இருந்தா கையோட இடிக்கட்டும். கையில்லாதவன்கிட்ட ஜெயிச்சு நான் என்ன பண்ண?"

ஓட்டுநர் ரொட்டியைத் தின்றார். சூட்டில் உதட்டைச் சுட்டுக்கொண்டார். தின்னத் தின்ன விரல்களில் நிறம் வந்தது, நகங்கள் வந்தன, கட்டைவிரலில் இருந்த பழைய தழும்பும் வந்தது. இயக்குநர், ம், நடக்கட்டும் என்றார். ஓட்டுநர் நெம்புகோலைப் பிடித்துப் பார்த்தார், நன்றாகப் பிடிபட்டது. பிறகு சாவியைத் திருகி வண்டியை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, தூணின் அடியில் போய் முதுகை அதில் சாய்த்து உட்கார்ந்தார். இன்னொரு ரொட்டி இருக்கா அக்கா என்று மேலே பார்த்துக் கேட்டார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சலூன்காரர் முதலில் குழிக்குள் இறங்கினார். அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாடியைத் திறந்து தன் நாற்காலியைத் தூக்கிவந்து பழைய தெருவில் போட்டார். காவலாளி தடுக்கவில்லை, தடுப்பதற்கு ஆள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. பழைய சுவர் ஒன்றில் கைக்கண்ணாடியை மாட்டிவிட்டு அதன் முன் நின்றுகொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் மூக்கு வந்தது, மறுநாள் மீசை வந்தது. வாத்தியார் வந்தார். ஓட்டுநரின் மனைவி அலமாரியில் வைத்திருந்த துணியை எடுத்துவந்து, அது கிடந்த சுவரிலேயே மறுபடி போட்டாள். ஒரு மாதத்தில் தெரு முழுவதும் பழைய நகரத்தின் வீடுகளுக்குக் குடிவந்துவிட்டது. கிணறுகளில் தண்ணீர் இருந்தது, விளக்குகளில் எண்ணெய் இருந்தது, கதவுகள் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். குனியத் தெரிந்தவர்களுக்குத் தொல்லை இல்லை. இயக்குநர் புதிய குச்சிகளோடும் நீலக் கயிற்றோடும் வந்தபோது, தெருவில் ஒரு வீடு விடாமல் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் படாரென்று சாத்தப்பட்டன. அந்தச் சத்தத்தில் அவர் குடை கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கை கயிற்றைப் பிடித்துத் தூணின் மேல் ஏறியது அந்த நாட்களில்தான். கடை வாசலில் நின்றாள். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தாள். கையைக் கழுவிட்டு வா, மாவு உப்பிக் கிடக்கு என்றாள் அக்கா. அவள் கழுவிக்கொண்டு போய் மேசை முன் நின்றாள். அத்தான் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஒரு காலையில் புகைபோக்கி குளிர்ந்திருந்தது. வந்த நாளிலிருந்து அது குளிர்ந்ததில்லை. அக்கா செங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காதை வைத்தும் கேட்டாள். பொக்லைன் இடித்த இடியில் விரிசல் விட்ட பானை இப்போது உடைந்திருக்கும், அதிலிருந்த உறைமாவு செத்திருக்கும் என்றாள். அப்படியானால் கீழே இருப்பவளுக்கு இன்று ரொட்டி இல்லை, நாளைக்கும் இல்லை. அத்தனை ஆட்களும் அத்தனை உத்தரவுகளும் எழுப்ப முடியாதவளை ஒரு உடைந்த பானை எழுப்பிவிடும். அக்கா தன் உறைமாவைப் பாதியாகப் பிய்த்து ஒரு கிண்ணத்தில் போட்டு ஈரத்துணியால் மூடித் தங்கையிடம் நீட்டினாள். நான் போனா திறக்க மாட்டா என்றாள் தங்கை. நீ போன தடவை அளக்கப் போன, இப்போ அக்கம்பக்கமாப் போற என்றாள் அக்கா.

தங்கை கயிற்றில் இறங்கி, பலகையில் நடந்து, கதவைத் தட்டினாள். ஒரு விரற்கடை திறந்தது. அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். கழுவாத கைகள், நகக்கண்களில் காய்ந்த மாவு. பிறகு கிண்ணத்துத் துணியை விலக்கி முகர்ந்தாள். முகர்ந்ததும் அவள் முகம், வெகுநாள் காணாத வீட்டு மனுஷியைப் பார்த்த மாதிரி ஆனது. கதவு முழுசாகத் திறந்தது. தங்கை உள்ளே போய் அடுப்பு மூட்ட விறகு எடுத்துக் கொடுத்தாள். அன்று முழுவதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிசைந்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சுமந்த கேள்வியைக் கேட்பதற்கு அதைவிடச் சரியான ஆள் உலகத்தில் கிடையாது. அவள் கேட்கவில்லை. மாவு உப்பிக் கிடந்தது.

மறுநாள் புகைபோக்கி சுட்டது. இப்போது எங்கள் தெருவில் இரண்டு ரொட்டிக்கடைகள். மேல்கடைக்குக் கயிற்றுக்கூடை, கீழ்க்கடைக்குப் பலகை. கீழ்க்கடை ரொட்டிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல், அடியும் கருகும். இதை மேல்கடையில் சொன்னால் நான் அன்றைக்கே சொன்னேனே என்பாள் அக்கா. அருங்காட்சியகப் பலகையை இப்போது யாரும் துடைப்பதில்லை. தூணின் அடியில், கீழ்க்கடைக்கும் வெகு கீழே, மழைக்குப் பிறகு இன்னொரு சின்னக் கதவு தெரிகிறது. அதன் இடுக்கிலிருந்தும் புகை வருகிறது. யாரும் போய்த் தட்டவில்லை. மாவு வேண்டுமென்றால் அவளே கேட்பாள்.